நாத்தனாரோடு நாடு சுற்றியவள்

அந்தத் தெருவில் அவளுக்கு இஸ்திரியக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே, "அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்.

மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படுகிற மாதிரி ஒரு கடை. உள்ளே கம்பளி விரித்த நீள மேசை, கூரையிலிருந்து தொங்கும் ஒயர், அதன் நுனியில் இஸ்திரிப் பெட்டி. சுவரோரம் கம்பியில் வரிசையாகச் சட்டைகள், கால்சட்டைகள், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள். மகள் பிறந்த கையோடு, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று ஆரம்பித்த வேலை. மகள் நர்ஸ் படிப்புக்குப் போகும் வயதும் வந்தாயிற்று. அக்காவின் கை இன்னும் சூடு தணியவில்லை.

நல்ல வாய். வாடிக்கையாளர் எவரும் துணியை வைத்துவிட்டு உடனே போய்விட முடியாது. அதுவும் விடுமுறை முடிந்து வரும் துணி என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். மடிப்பை உதறினால் மணல் கொட்டும். கம்பளிச் சட்டையில் பைன் மரத்து ஊசி இலை ஒட்டியிருக்கும். "எங்க போயிட்டு வந்தீங்க?" என்று ஆரம்பித்தாள் என்றால், கடலா மலையா, குளிரா வெயிலா, என்ன பார்த்தீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள் என்று எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் விடுவாள். அவள் மட்டும் எங்கேயும் போனதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது ஒன்றுதான் அவள் செய்த பயணம். அதையும் வேனில் தூங்கியே கழித்துவிட்டாள்.

புருஷன் டவுன் பஸ் டிரைவர். சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து சந்தை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே ரூட். "செக்குமாட்டுக்காவது நடுவுல கண்ணக் கட்டி விடுவாங்க, வேற எங்கயோ போறோம்னு நினைச்சுக்கும். எனக்கு அதுவும் இல்ல" என்பார். ஆனால் ஓட்டுவதில் சுத்தம். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அந்தச் சுத்தத்துக்குக் கடைசியில் கூலி வந்தது. விபத்தே இல்லாமல் ஓட்டியவர்களுக்குப் போக்குவரத்துக் கழகம் ஒரு பரிசு கொடுத்தது. நாடு முழுக்க எந்த ரயிலிலும் ஏறலாம், எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். இரண்டு வாரம் செல்லுபடியாகும் பாஸ், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும்.

அன்றைக்கே ஒரு ரயில் வரைபடம் வாங்கி வந்து அடுக்களைச் சுவரில் ஒட்டினார் மனுஷன். சாயங்காலமானால் இருவரும் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். அவர் விரல் ஒரு கோட்டில் போகும், அவள் விரல் இன்னொரு கோட்டில் போகும். ஏதோ ஒரு சந்திப்பில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாட்களும் உண்டு.

கிளம்பும் நாள் நெருங்கியபோது, பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்குகிறேன் என்று டிரைவர் முக்காலியில் ஏறினார். காலமெல்லாம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டியவர், அந்த முக்காலியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பரண்மேலேயே இருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவர் ரயில்வே அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். தேதியைத் தள்ளிப்போட முடியாதாம். ஆள் வேண்டுமானால் மாற்றலாம். அதுவும் கூடப் பிறந்தவர்களாக இருந்தால்தான்.

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அக்காவக் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க. நானும் அந்த முக்காலியில ஏறி விழுந்துடறேன்" என்றாள் அவள்.

கூடப் பிறந்தவர் என்று டிரைவருக்கு இருந்தது ஒரே ஓர் அக்காதான். பெண்கள் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியதில் தன் கல்யாணத்தை மறந்தவர். விடுதிப் பிள்ளைகள் கூப்பிட்ட 'வார்டனம்மா' என்ற பெயர் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. தம்பி கல்யாணமாகி ஒரு வாரத்தில் புதுக்குடித்தனத்தைப் பார்க்க வந்தவர், அலமாரியின் மேல்தட்டில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் புதுப்பெண் அன்றைக்கே அழுது மறந்திருப்பாள். சொல்லாத சொல் இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போதாக்குறைக்கு, தம்பி பெண்டாட்டி இஸ்திரிக் கடை போட்டபிறகும் வார்டனம்மா தன் துணிகளை இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா அண்ணி?", "ஆச்சு." அதோடு சரி. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினால் பல்லு கழன்று விழுந்துவிடும்போல இருவரும் நடந்துகொண்டார்கள்.

அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்ட மகள்தான் அம்மாவைக் கரைத்தாள்.

"அத்தை என்ன, புலியாம்மா?"

"புலின்னா பரவாயில்லடி. பசிச்சாத்தான் பாயும்."

"பாய்ஞ்சா பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கோ. ரயில்ல எத்தன பெட்டி இருக்கு!"

டிரைவர் அதற்குள் கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். அவள் அடுக்களைக்குப் போனாள். வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில், ரயில் கோடு கரையைத் தாண்டிக் கடலுக்குள் புள்ளி புள்ளியாகப் போயிற்று. அது என்ன என்று புருஷனுக்கும் தெரிந்திருக்கவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அவள் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, போன் போடுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். தூங்கிக்கொண்டிருந்தவர் உடனே போனை எடுத்தார்.

ஸ்டேஷனுக்கு இஸ்திரியக்கா ஒரு பையோடு வந்தாள். வார்டனம்மா ஆறு பையோடு வந்தார். சொந்தத் தலையணை, பைகளைக் கட்டிப்போடச் சங்கிலி, பூட்டு, கழுத்தில் ஒரு விசில். "விசில் எதுக்கு அண்ணி?" என்று கேட்காமல் இருக்க அவள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜன்னல்.

"நீங்க உக்காருங்க அண்ணி."

"இல்ல இல்ல, நீ உக்காரு."

"பெரியவங்க நீங்க."

"எனக்கு என்ன வேடிக்கை, நீ உக்காரு."

இப்படி மரியாதை செய்துகொண்டே இருவரும் நடைபாதையில் நின்றார்கள். சண்டையைவிட மோசமான மரியாதை அது. பின்னால் மூட்டையோடு வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப நான் உக்காந்துக்கறேன்" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். அவர் இறங்கும்வரை இரண்டு பேரும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முதல் நாள் முழுக்கச் சமவெளி. கண்ணுக்கெட்டிய வரை கோதுமை, அது முடிந்தால் சூரியகாந்தி. ஒரு வயலே மதியம்வரை நீண்டது. அவள் மூட்டைக்காரரின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். வார்டனம்மா எதையும் பார்க்கவில்லை. வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் குனிந்து பைகளை எண்ணினார். வண்டி கிளம்பியதும் நிமிர்ந்து இன்னொரு தடவை எண்ணினார்.

மறுநாள் நிலக்கரிச் சீமை. மண் கறுப்பு, கூரை கறுப்பு, வேலியில் உட்கார்ந்திருந்த பூனையும் கறுப்பு. ஜனங்கள் மட்டும் எதற்கெடுத்தாலும் சிரித்தார்கள், அதனால் பற்கள் பளிச்சென்று தெரிந்தன. அங்கே ஒரு விடுதியில் தங்கினார்கள். சுரங்கக்காரர் ஒருவரின் மனைவி நடத்திய இடம். அறையில் காலடி வைத்ததும் இஸ்திரியக்காவின் கண் ஜன்னல் திரையில் நிலைகுத்தி நின்றது. துவைத்துச் சுருட்டி அப்படியே மாட்டியிருந்தார்கள். எவ்வளவோ நேரம் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கீழே போய், "கோபிச்சுக்காதீங்க, இஸ்திரிப் பெட்டி இருக்கா?" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

வார்டனம்மா கட்டிலில் உட்கார்ந்து அவள் திரை தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீவுக்கு வந்த இடத்துல அடுத்தவங்க திரையத் தேய்க்கிற ஒரே ஆள் நீயாத்தான் இருப்பே."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணி."

பிறகு ஒரு பையின் பூட்டுத் திறக்கும் ஓசை கேட்டது. கசங்கிய சாம்பல் நிறக் கோட்டு ஒன்று மேசையோரம் வந்து விழுந்தது.

"பெட்டி சூடாத்தானே இருக்கு. இதையும் அப்படியே ஒரு இழுப்பு..."

இஸ்திரியக்கா அதை எடுத்து மேசையில் விரித்தாள். அந்தக் கோட்டை அவள் தேய்த்த மாதிரி எந்த டாக்டர் கோட்டையும் தேய்த்ததில்லை. காலர், கைமடிப்பு, உள்பக்கத் துணி என்று ஓர் இடம் விடவில்லை. வார்டனம்மா வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடைக்காரன் இத்தன வருஷமா என்னை ஏமாத்தியிருக்கான்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இரண்டு பங்கு இறங்கியது.

அதற்கடுத்தது மலை. சின்ன ரயில், பெரிய மூச்சு. குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால், சற்றுமுன் கடந்த பாலம் காலுக்குக் கீழே பொம்மைபோலக் கிடந்தது. இந்த முறை எதிரெதிரே இரண்டு ஜன்னல் கிடைத்திருந்தது. ஆனால் என்ன பிரயோஜனம், நாலாவது வளைவிலேயே வார்டனம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். இஸ்திரியக்கா தாவி வந்து பையைக் கவிழ்த்துக் காலி செய்து நீட்டினாள். அந்தப் பையில் இருந்தது அவருடைய சொந்தத் தலையணை என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

வாந்தி நின்றதும் எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்தாள். முதுகைத் தடவிவிட்டாள். எந்த ஊர் பிரின்ஸிபாலுக்கும் பயப்படாத வார்டனம்மா, குழந்தைபோல அவள் தோளில் சாய்ந்தார்.

"தூரத்தப் பாருங்க அண்ணி. கிட்டக்கப் பாத்தாத்தான் தலை சுத்தும். அதோ, அருவி தெரியுது பாருங்க."

வார்டனம்மா பார்த்தார். பாறையை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது தண்ணீர். வண்டி வளைந்தது. அருவி மறைந்து, மறுபடி இன்னும் கிட்டத்தில் வந்தது. சாரல் கண்ணாடியில் அடித்தது.

"இந்த அருவிக்கு நான் வந்திருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. வருஷா வருஷம் பிள்ளைங்கள எக்ஸ்கர்ஷன் கூட்டிட்டு வருவோம்ல."

"அப்ப உங்களுக்கு இதெல்லாம் பழசு."

"எங்க பழசு? ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், சாப்பிடும்போது எண்ணுவேன். ஒரு தலை குறைஞ்சா பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? எல்லாரும் அருவியப் பாப்பாங்க, நான் அருவிக்கு முதுகக் காட்டிக்கிட்டு பிள்ளைங்களப் பாத்துட்டு நிப்பேன். சத்தம் மட்டும் கேட்டிருக்கேன். அது இவ்வளவு உசரம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

இஸ்திரியக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். வெளுத்த முகம், கலைந்த தலை, கழுத்தில் விசில். இந்த மனுஷியையா இத்தனை காலம் புலி என்று நினைத்தோம் என்றிருந்தது.

"எண்ணறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். எங்கயும் போயிட மாட்டேன். நீங்க நல்லாப் பாருங்க" என்றாள்.

மலையிறங்கி வண்டி உப்பளச் சீமைக்குள் நுழைந்தபோது வார்டனம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது. பசியும் திரும்பியது. மரமே இல்லாத வெளியில், ஒரு ஷெட்டும் ஒரு பெஞ்சும் மட்டுமிருந்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. டீக்காரர் பிளாட்பாரத்தின் கோடியில் இருந்தார். ஜன்னலுக்கு வரமாட்டார் போலிருந்தது. "ரெண்டு டீ வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று வார்டனம்மா இறங்கினார்.

டீ கண்ணாடித் தம்ளரில் வந்தது. குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தர வேண்டும் என்றார் டீக்காரர். வார்டனம்மா ஒழுங்குக்குப் பேர்போனவர். சுடச்சுட ஒன்றை ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து வண்டி நகர்ந்தது.

வாசலில் நின்றிருந்த இஸ்திரியக்கா பார்த்தாள். கையில் தம்ளரோடு வார்டனம்மா ஓடி வருகிறார். இரண்டு எட்டு வைக்கிறார், டீ சிந்தாமலிருக்க நிற்கிறார், மறுபடி ஓடுகிறார். விசிலை வாயில் வைத்து ஊதுகிறார். ரயிலா நிற்கும்? யோசிக்க நேரமில்லை. தன் ஒரே பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பிளாட்பாரத்தில் குதித்துவிட்டாள். வண்டி அப்போதுதான் ஊர்ந்துகொண்டிருந்ததால் இரண்டு குட்டிக்கரணத்தோடு தப்பித்தாள். உடம்பெல்லாம் உப்புப் புழுதி.

ரயில் போய்விட்டது. ஆறு பையும் சங்கிலியும் பூட்டும் அதோடு போயின.

"எதுக்குடி குதிச்சே? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் வார்டனம்மா. இத்தனை வருஷத்தில் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உங்கள இங்க விட்டுட்டுப் போய் உங்க தம்பிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து, முதலில் குதித்தவளைத் திட்டினார். பிறகு அடிபட்டதா என்று கேட்டார். அப்புறம் அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பைகளை இறக்கி வைக்க ஏற்பாடு செய்தார். "உப்பளத்து ஷட்டில் ஒண்ணு வரும். அதுல போயிடுங்க. சுத்திக்கிட்டுத்தான் போகும், ஆனா போயிடும்" என்றார்.

ஷட்டில் என்றால் மூன்றே பெட்டி. கதவு என்று எதுவும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் உப்பளத்துப் பெண்கள், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு ஏறி நிரம்பினார்கள். வழியில் யார் கை காட்டினாலும் ரயில் டிரைவர் நிறுத்தினார். ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது இன்ஜினை அணைத்துவிட்டு அவரும் இறங்கி ஆட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். இருபுறமும் ஆழமில்லாத உப்புநீர். மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம், நடுவில் இந்த ரயில். கதவோரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள் இருவரும். எண்ணுவதற்கு ஒரு பைகூட இல்லாமல் வார்டனம்மா உட்கார்ந்திருந்தார்.

"பையெல்லாம் போனதுல ஒரு நிம்மதியாத்தான் இருக்கு" என்றார், யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல.

பக்கத்தில் இருந்த பூட்ஸ்காரி ஒருத்தி விசாரித்தாள். "அக்கா தங்கச்சியா நீங்க?"

"இல்லம்மா. இவங்க என் நாத்தனார்" என்றாள் இஸ்திரியக்கா, நடந்த கதையையும் சொன்னாள்.

பெட்டியே வெடித்தது. "நாத்தனாருக்காகவா ரயில்லருந்து குதிச்சே? ஏய், இங்க வந்து கேளுங்கடி!" அந்தக் கோடியிலிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாரை ரயிலிலிருந்து தள்ளிவிடத்தான் ஆசை என்றாள். அந்த நாத்தனார் அடுத்த பெஞ்சிலேயே இருந்தாள். "தள்ளு பாக்கலாம், உன்னையும் சேத்து இழுத்துட்டுத்தான் விழுவேன்" என்றாள் அவள். சிரிப்பில் பெட்டி குலுங்கியது.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று வார்டனம்மாவை மடக்கினாள் பூட்ஸ்காரி. "உங்களுக்காக இவங்க குதிச்சாங்க. இவங்களுக்காக நீங்க குதிச்சிருப்பீங்களா?"

வார்டனம்மா பொய் சொல்லிப் பழகாதவர். கொஞ்சம் யோசித்தார்.

"நேத்து கேட்டிருந்தீங்கன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "இன்னைக்கு... வண்டி மெதுவாப் போனா குதிப்பேன்."

அதற்கும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது இஸ்திரியக்காதான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பைகள் பத்திரமாகக் கிடைத்தன. பெரிய ஸ்டேஷனிலேயே நான்கு பையை ஊருக்குப் பார்சலில் போட்டுவிட்டார் வார்டனம்மா. தலையணையும் சங்கிலியும் அதோடு போயின.

கடைசியில் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டி துறைமுகத்தின் விளிம்புவரை போய் நின்றது. எதிரே பெரிய கப்பல் ஒன்று வாயைப் பிளந்தபடி நின்றது, அதன் வயிற்றுக்குள் தண்டவாளம் தெரிந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து தள்ளி, கப்பலுக்குள் ஏற்றினார்கள். வரைபடத்தில் கடலுக்குள் போன புள்ளிகளின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. இஸ்திரியக்கா மேல்தளத்துக்கு ஓடிப்போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க! ரயில் கப்பல்ல ஏறிடுச்சுங்க!"

"வெயில்ல சுத்தாதேன்னு சொன்னேன்ல" என்றார் அவர்.

"அட, சத்தியமாங்க! நாங்க வந்த ரயிலு கீழ நிக்குது, நான் மேல நிக்கறேன், சுத்திக் கடலு. இந்தாங்க அண்ணிகிட்டயே கேளுங்க."

வார்டனம்மா போனை வாங்கி, "ஆமாடா, ஏறிடுச்சு" என்றார். அக்கா பொய் சொல்லமாட்டார் என்பதால் அவர் நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

"இன்ஜினும் ஏறிச்சா?"

"இல்ல, அது கரையிலேயே நின்னுடுச்சு."

"அப்ப அந்தப் பக்கம் யாரு இழுப்பா?"

"அங்க வேற ஒண்ணு காத்துக்கிட்டு இருக்குமாம்."

"ச்சே!" என்று மனுஷன் தொடையில் தட்டிக்கொண்டது இங்கே கேட்டது. "பாழாப்போன முக்காலி!"

அக்கரை ஒரு தீவு. ரயில் நின்ற இடத்திலிருந்து நடந்தால் கடற்கரை. மறுநாள் காலை வண்டியைப் பிடித்துத் தலைநகருக்குப் போய், அங்கிருக்கும் பெரிய மியூசியத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். திட்டம் போட்டது வார்டனம்மா. காலையில் வண்டிக்கு இன்னும் நேரமிருந்ததால், ஒரு தடவை கால் நனைத்துவிட்டு வரலாம் என்று இறங்கினார்கள். இஸ்திரியக்கா கணுக்கால் அளவில் நின்றுவிட்டாள். அலை வந்து காலடி மணலை உருவியபோது, பூமியே நழுவுகிறது என்று அலறினாள். வார்டனம்மா அவள் கையைப் பிடித்தார்.

"நானும் எத்தனையோ பேர, உள்ள போகாதேன்னு கரையில நின்னு விசில் ஊதியே விரட்டியிருக்கேன். வா, அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்."

முழங்கால், இடுப்பு, மார்பு. பெரிய அலை ஒன்று வந்து இருவரையும் புரட்டிப் போட்டது. மூக்கில் வாயில் எல்லாம் உப்பு. எழுந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேய்த்த மடிப்பு ஒன்றுகூட மிச்சமில்லாத இரண்டு பெரிய மனுஷிகள். மறுபடி உள்ளே ஓடினார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தோற்றுப்போவார்கள்.

தூரத்தில் ரயில் ஊதியது. இஸ்திரியக்கா பதறினாள். "அண்ணி, வண்டி! நம்ம வண்டி!"

வார்டனம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த அலைக்கு முதுகைக் கொடுத்துத் தயாராக நின்றார்.

"போகட்டும் விடு. மியூசியத்துல இருக்கறதெல்லாம் செத்ததுதானே. அது எங்க ஓடிடப் போகுது?"

ஊர் திரும்பியதும் இருவரும் ஒரே நேரத்தில் கதை சொன்னார்கள். டிரைவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. "கால உடைச்சுக்கிட்டது நான், ஊரச் சுத்தினது நீங்க" என்று அங்கலாய்த்தார். ஆனாலும் அக்காவும் பெண்டாட்டியும் ஒரே தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ராத்திரி மகளிடம், "முக்காலிய ஒண்ணும் பண்ணிடாதே, இருக்கட்டும்" என்றாராம்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தக் கடையில் இரண்டு வாரம் ஒரு அட்டை தொங்கும். 'ரயிலில் இருக்கிறோம். அவசரத் துணி இருந்தால் கசங்கலாகவே போட்டுக்கொள்ளவும்.' வடக்கே பனி மூடிய ஊர்கள், தெற்கே ஆற்றுக் கழிமுகம், எல்லைப்புறத்துத் திராட்சைத் தோட்டங்கள் என்று அவர்கள் பார்க்காத மூலை குறைந்துகொண்டே வருகிறது. இஸ்திரியக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. ஆனாலும் ரயில் படியில் முதலில் ஏறுவது அவள்தான். ஊர் சுற்றாமல் கடையிலேயே நில்லு என்று மகள் சொன்னால், "நிக்கறதுதான் வலிக்குது, ஓடறது வலிக்கல" என்கிறாள்.

கால் சரியான மறுவருஷமே டிரைவரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு அந்த மலை ரயிலைப் பார்த்தே ஆகவேண்டும். வண்டி வளைந்து வளைந்து இறங்க ஆரம்பித்ததும், எதிர் சீட்டின் அடிக்கட்டையில் வலது காலை ஊன்றி அழுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் அழுத்து. நெற்றியில் வியர்வை. அருவி வந்தது, போயிற்று. அவர் பார்க்கவில்லை, தண்டவாளத்தைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இந்த ஆளு பிரேக்கே போட மாட்டேங்கறாண்டி!"

"கால எடுடா" என்று அதட்டினார் வார்டனம்மா. "அவன் வண்டிய அவன் ஓட்டுவான். நீ வெளியில பாரு."

அவர் காலை எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அடுத்த வளைவில் அவரை அறியாமல் கால் மறுபடி கட்டைமேல் போயிற்று. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து, சிரித்துக்கொண்டே அந்தக் காலைப் பிடித்து இழுத்தார்கள்.